சஹானாவின் மீதி

மைக்செட் மிக்சரில் கடற்காற்றால் ஏறியிருந்த உப்பைத் துடைத்துவிட்டு, சோதித்துப் பார்க்க ஒரு பழைய பென்டிரைவைச் செருகினேன். உன் நாதஸ்வரம் வந்தது. கடலாடிக் கல்யாணம், சஹானா ராகம். நான்கு நிமிடம் ஓடி, பாதி மூச்சில் அறுந்து, சினிமாப் பாட்டு. அறுத்தவன் நான்தான். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இதை உன்னிடம் நேரில் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஐந்து வருடம் ஒன்றாக முகூர்த்தங்களுக்குப் போனோம். நீ ஊதுவாய், நான் மைக்செட். எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்கள் அதே நாலைந்தைத்தான் கேட்டார்கள். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி, அப்புறம் நீலாம்பரி, சஹானா. பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. இரண்டு இழுப்பில் அடையாளம் கண்டு தலையாட்டுவார்கள். காது பழகினால் பிடித்துப்போகும், வேறு மர்மம் இல்லை என்பது என் கட்சி. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனின் திமிர்.

"ஊதுனதையே ஊதுறியே, சலிக்கலையாலே?"

"நாந்தேன் பழசு. கேக்குறவன் புதுசு மாப்ள. நேத்து வரைக்கும் பொண்ணக் கட்டிக் குடுக்காதவன் இன்னைக்குக் குடுக்குறான்ல."

கடலாடியில் பெண்ணின் அப்பா, மிளகாய் வியாபாரி, உன்னிடம் வந்து சஹானாவைக் கொஞ்சம் நின்று நிதானமாக வாசிக்கச் சொன்னார். நீ ஆரம்பித்தாய். மாப்பிள்ளையின் தம்பி என் காதருகே வந்தான்.

"அண்ணே, எழவு வீடு மாதிரி இருக்கு. பாட்டப் போடுங்க."

எனக்கு அடுத்த வேலை ஏர்வாடியில். சீக்கிரம் முடிந்தால் போதும். உன் மைக்கின் ஒலியை அடியோடு இறக்கிவிட்டுப் பாட்டைப் போட்டேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளின் இரைச்சலுக்கு அடியில் மைக் இல்லாமலே வாசித்துக்கொண்டிருந்தாய். அந்த மனிதர் உன் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

வழியில் டீக்கடையில்தான் சொன்னாய்: "அவரு சம்சாரம் போயி மூணு மாசமாம். அவுக கல்யாணத்துல இததேன் வாசிச்சாகளாம். அந்தம்மா இல்லாத கொறைக்கு இதாச்சும் இருக்கட்டும்னு கேட்டாரு."

"முன்னாடியே சொல்லியிருந்தா விட்டிருப்பேன்ல?"

"சொன்னாத்தேன் விடுவியா?"

வண்டியை எடுத்தேன். அடுத்த மாதம் உனக்கு மஞ்சள் காமாலை முற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு நீ ஊர் திரும்பவில்லை.

போன வாரம் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கடலாடிக்குப் போனேன். மிளகாய் வியாபாரி கண்ணை மூடிக் கேட்டார்.

"மீதி எங்கப்பா?"

"இல்லய்யா. நாந்தேன் கொறச்சுட்டேன். மைக்ல வந்தது மட்டுந்தேன் பதிவாகும்."

திட்டுவார் என்று நின்றேன். "அந்த நாயனக்காரத் தம்பி நீ கொறச்சதுக்குப் பொறவுதேன் நெசமா வாசிச்சாரு" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் தாளம் தட்டியபடி நீ வாசித்த மீதியை முனகத் தொடங்கினார். கைப்பேசியில் பதிந்துகொண்டேன். சுருதி எங்கெங்கோ போகிறது, நடுவே ஓர் ஆடு கத்துகிறது. திருத்த என்னிடம் மென்பொருள் இருக்கிறது. திருத்தவில்லை.

அவருக்கு அந்த ராகம் ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஏன் என்று தெரியாது. அளக்கவும் முடியாது, கேட்கத்தான் முடியும்.

நேற்று உச்சிப்புளிக் கல்யாணத்தில் ஒருத்தன் வந்து, நாதஸ்வரத்தைக் குறைத்துவிட்டுப் பாட்டைப் போடச் சொன்னான்.

"இத யாரு வாசிக்கச் சொன்னாகன்னு விசாரிச்சுட்டு வாரேன், இரு" என்றேன்.

முறைத்தான். முறைக்கட்டும்.