உலைக்கு ஊர் கொடுத்தது

பிப்ரவரி 12

அன்புள்ள ஒல்லிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. தலைமை அலுவலகத்தில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன கேடு வந்துவிடும்? ஒன்பது வருஷமாக இரண்டு வரிக்கு மேல் எழுதாதவன் இன்று காகிதத்தை நிரப்புகிறானே, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். ஆமாம், காரியம்தான். வியாபாரி சும்மா எழுதுவானா?

நம் கண்ணாடி ஆலையின் உலைக்கு ஆயுள் முடிகிறதாம். பதினான்கு வருஷத்துக்கு முன், நீ உலைத் தலைவனாக இருந்தபோது மூட்டிய நெருப்பு. ஒரு நிமிஷம்கூட அணையாமல் எரிந்ததை ஜூனில் அணைக்கப் போகிறார்கள். அதன் பிறகு உட்சுவரைப் பிரித்துப் புதுக்கல் வைத்துக் கட்டுவார்களா, இல்லை ஆலைக்கே பூட்டுப் போட்டுவிட்டு வேறு தேசத்தில் கட்டுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு அறிக்கை எழுதுகிறவன் நீதான் என்று ஆலை மேலாளர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் சம்பளம் போடுகிற இடம் ஆலை ஒன்றுதான். அடுத்தது மருத்துவமனை, அதற்கடுத்தது பஸ் டெப்போ. ஆலை படுத்தால் டெப்போவில் ஏற ஆள் ஏது? என் இரும்புக் கடையில் ஒரு ஆணி வாங்க ஆள் ஏது?

வியாபாரிகள் சங்கத் தலைவன் என்ற முறையில் ஒரு பட்டியல் தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆலை இந்த ஊருக்குச் செய்ததெல்லாம் அதில் உண்டு. குழந்தைகள் வார்டு, இரண்டு ஆம்புலன்ஸ், பெண்கள் பள்ளியின் சோதனைக்கூடம், நூலகம், விளையாட்டு மைதானம், கடைத்தெரு விளக்குகள். பதினோரு பக்கம் வந்திருக்கிறது. தட்டச்சு செய்தவரே பிரமித்துப்போனார். இதை அப்படியே உன் மேலதிகாரிகள் மேஜையில் வை. கல்நெஞ்சுக்காரனும் இளகிவிடுவான்.

உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, உன்னை விசாரித்தாள். இன்னமும் உன்னைத்தான் நல்லவன் என்கிறாள்.

இப்படிக்கு,
மூட்டை


பிப்ரவரி 27

அன்புள்ள மூட்டை,

மேலாளர் சொன்னது உண்மைதான். அறிக்கை என் பொறுப்பு. ஒரு பக்கமாகச் சாய்த்து எழுத மாட்டேன். கேட்காதே. கேட்டால் நட்பு கெடும்.

உன் பட்டியலைப் படித்தேன். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீயா இப்படிச் செய்தாய்? இத்தனை வருஷம் கடை நடத்தியவன்! அந்தப் பதினோரு பக்கத்தை இங்கே மேஜையில் வைத்தால் யாரும் இளக மாட்டார்கள். 'ஓகோ, இந்த ஊருக்கு வருஷா வருஷம் இவ்வளவு செலவா? மூடினால் இதெல்லாம் மிச்சமா?' என்பார்கள். மூடுவதற்கு இதைவிட நல்ல காரணத்தை யாரும் எழுதித் தர முடியாது. அதையும் ஊர்க்காரனே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறான்!

உனக்கு உண்மையாகவே அக்கறை இருந்தால் இன்னொரு பட்டியல் போடு. ஊர் உலைக்கு என்ன கொடுத்தது? இந்தக் கேள்வியை இங்கே இதுவரை யாரும் கேட்டதில்லை. உண்மையை மட்டும் எழுது. அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அறிக்கையில் சேர்க்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு.

ஒல்லி


மார்ச் 24

அன்புள்ள ஒல்லிக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடும் கோபம். ஊர் என்ன பெரிதாகக் கொடுத்துவிடும், வாங்கித்தானே பழக்கம் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். மூன்று வாரம் கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு அலைந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

முதலில் தண்ணீர். கோடையில் ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் வரும், உனக்குத் தெரியும். ஆனால் உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் பதினான்கு வருஷத்தில் ஒருமணி நேரம்கூட நின்றதில்லையாம். ஊர் வால்வை மூடிவிட்டுத்தான் ஆலை வால்வைத் திறந்து வைத்திருப்பார்கள். குடத்தோடு வரிசையில் நின்ற தையல்காரம்மாவிடம், "இது தெரியுமா, கோபம் வரலையா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? அங்க தண்ணி நின்னா இங்க தைக்கக் கொடுக்க ஆள் இருக்காது. இதைக் கேக்கத்தான் காரு வச்சுக்கிட்டு வந்தீங்களாக்கும்? நகருங்க, வரிசை போகுது."

அடுத்து அந்தப் புயல். பதினோரு வருஷம் ஆகிறது. மூன்று நாள் மின்சாரம் இல்லை, வெளியூர்ச் சாலையில் வெள்ளம். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தால் உலைக்குள் கண்ணாடி உறைந்துவிடும், உறைந்தால் உலை செத்தது. ஆலை எப்படியோ சமாளித்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். டெப்போ மெக்கானிக் சொல்லித்தான் உண்மை தெரிந்தது. அறுபத்திரண்டு பஸ்ஸின் டாங்கிலிருந்தும் குழாய் போட்டு வாயால் உறிஞ்சியே டீசலை இறக்கியிருக்கிறார்கள். "ஒரு வாரம் எதைச் சாப்பிட்டாலும் டீசல் ருசிதாண்ணே. எம் பொண்டாட்டி பக்கத்துலயே வரல" என்று சிரிக்கிறார். யார் சொல்லிச் செய்தீர்கள் என்றால், "யாரு சொல்லணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

மருத்துவமனையில் தலைமை நர்ஸைப் பார்த்தேன். அறுவை அறை, பிறந்த குழந்தைகள் அறை, அவசரப் பிரிவு மூன்றையும் தவிர எல்லா இடத்திலும் விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்தி, மிச்சமான டீசலை ஆலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலாகப் போய் நோயாளிகளிடம் சம்மதம் கேட்டாராம். "ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லலையா?" என்றேன். "ஒருத்தர் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் ரெண்டு நாள் அவருக்கு விசிறி விட்டார்" என்றார்.

ஒல்லி, நான் இந்த ஊரில் பிறந்து, இங்கேயே சம்பாதித்து, எல்லோரையும் எடை போட்டு வைத்திருப்பதாக நினைத்தவன். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

உண்மையை மட்டும் எழுதச் சொன்னாய். அதனால் இதையும் எழுதுகிறேன். அந்தப் புயலில் என் குடோனில் நாற்பது பீப்பாய் டீசல் இருந்தது. விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் குடோன் காலி. "ஆலைக்குப் போயிடுச்சு" என்றாள் உன் தங்கச்சி. அப்புறம் ஆலைக்காரர்கள் மேடையில் ஏற்றி எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷமாகக் கடையில் அதன் கீழே உட்கார்ந்துதான் வியாபாரம் செய்கிறேன். டெப்போ மெக்கானிக்குக் கேடயம் இல்லை. நர்ஸுக்கும் இல்லை. பட்டியலில் என் பேரைப் போடாதே.

மூட்டை


ஏப்ரல் 15

அன்புள்ள மூட்டை,

கேடயத்துக்கு உன் பேரை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

அன்று லாரியோடு வந்தவன் நான். தங்கச்சி வாசலிலேயே சாவியோடு நின்றாள். "உங்க சிநேகிதர் படுத்திருக்கார்ண்ணே. எழுந்தா யோசிப்பார். அதுக்குள்ள ஏத்திடுங்க" என்றாள். கேடயத்தில் அவள் பேரைத்தான் போட நினைத்தேன். "அவர் பேரையே போடுங்க. பேர் விழுந்துட்டா மனுஷன் அதுக்குத் தக்கபடி நடந்துக்குவார்" என்றாள். பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, நீ எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பாய்.

அறிக்கை கொடுத்துவிட்டேன். புதிய இடத்தில் கட்டினால் என்ன லாபம் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். உன் கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்தேன், உன் பேரை மட்டும் விட்டுவிட்டு. நிதிப்பிரிவுத் தலைவர் குறுக்கே கேட்டார், "இவர்களிடம் டீசல் கேட்டது யார்?" என்று. "யாரும் கேட்கவில்லை" என்றேன். பிறகு அவர், "புது இடத்தில் இதை என்ன விலைக்கு வாங்கலாம்?" என்றார். கிண்டலாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி முடிவு என் கையில் இல்லை. நம்பிக்கை கொடுத்து உன்னை ஏமாற்ற விரும்பவில்லை.

ஒல்லி


ஜூலை 3

அன்புள்ள ஒல்லிக்கு,

உலையை அணைத்துவிட்டார்கள். ஆற விட்டு, நேற்று ஒருநாள் மட்டும் ஊர்க்காரர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று மேலாளர் அனுமதித்தார். நானும் வீட்டுக்காரியும் போனோம். வரிசை கடைத்தெரு வரை நின்றது. டெப்போக்காரர்கள் சீருடையிலேயே வந்திருந்தார்கள்.

குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஏதோ மலைக்குகை மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருபது தப்படியில் முடிந்துவிட்டது. என் குடோன் அதைவிடப் பெரியது. ஒரு முழத்துக்கு மேல் இருந்த சுவரைக் கண்ணாடி தின்று தின்று சில இடத்தில் நான்கு விரல் கனம்தான் மிச்சம். அதன் மேல் பச்சையாக ஒரு மினுமினுப்பு. நான்கு விரல் கனத்துக்கு இந்தப் பக்கம் அத்தனை நெருப்பு, அந்தப் பக்கம் ஷிப்டுக்கு ஷிப்ட் நம் ஆட்கள்.

"இவ்வளவு சின்ன இடமா?" என்றாள் உன் தங்கச்சி. அதுவும் கிசுகிசுப்பாக. அவள் கிசுகிசுத்து நான் கேட்டதே இல்லை. முன்னால் போனவர்கள், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. ஒரு ஊர் முழுக்க உண்டு, உடுத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்ததெல்லாம் இந்த இருபது தப்படிக்குள்ளிருந்து என்று நினைத்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

மேலாளரிடம் கேட்டேன். முடிவு இன்னும் வரவில்லை, கடிதம் வரும் என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்தோம். பின்வாசல் பக்கம் லாரிகள் நின்றன. துறைமுகத்திலிருந்து வருகிற லாரிகள். கனம் தாங்காமல் டயர்கள் பிதுங்கி நின்றன. இரும்புக் கடைக்காரன் எனக்கு வேறென்ன தெரியாவிட்டாலும் பாரம் தெரியும். முதல் டிரைவரிடம், "என்ன சரக்கு?" என்றேன்.

"செங்கல் சார். ஏதோ அடுப்புக் கல்லாம், ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி கனம். இறக்க நாலு நாளாகும்னு சொல்றாங்க. இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?"

லாரிகளை எண்ண ஆரம்பித்தேன். பதினேழுக்கு மேல் எண்ண முடியவில்லை, கண்ணை மறைத்துவிட்டது. தூசி என்றேன். உன் தங்கச்சி நம்பவில்லை. நீயும் நம்பாதே.

என்றும் உன்,
மூட்டை