சொன்னவர் பெயர்

மேடம்,

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அலமாரியை இழுத்துப் போட்டோம். அதன் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றது நீங்கள் எனக்கு வாங்கித் தந்த பரீட்சை அட்டை. கிளிப் துருப்பிடித்திருந்தது. அழுத்தித் திறந்ததும் அதன் இடுக்கிலிருந்து கொஞ்சம் மண் என் உள்ளங்கையில் விழுந்தது. எங்கள் கரையின் கறுப்பு மண். இத்தனை வருடம் கழித்தும் மினுங்கியது. வெள்ளையடிக்க வந்தவர், "என்ன பிள்ளே, பொன்னா?" என்று கேட்டார். கையை மூடிக்கொண்டேன்.

உங்கள் முதல் வகுப்பு நினைவுக்கு வந்தது. தகவல் அமைப்பு என்ற பாடத்துக்கு எம்.பி.ஏ. பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் அறைக்குத்தான் கூட்டிப்போவீர்கள் என்று நினைத்திருந்தோம். நீங்கள் கரும்பலகையில் ஒரு மீன்பிடி வள்ளத்தையும் ஒரு சந்தையையும் வரைந்துவிட்டு, வலையில் நல்ல மீன் பட்டது சந்தைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அந்த வகுப்பில் கடற்கரையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பதில் தெரியும், கையைத் தூக்கவில்லை. நீங்கள் என் பெஞ்சருகே வந்து நின்றபோது "ஆட்டோ" என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கரையில் ஆட்டோக்கள் வரிசைகட்டி நின்றால் மீன் நிறைய, அதைப் பார்த்துத்தான் மீன் விற்கிற பெண்கள் கூடையைத் தூக்குவார்கள் என்பதை மெல்ல மெல்ல என்னிடமிருந்து வாங்கினீர்கள்.

"இது உனக்கு யார் சொன்னது?"

"அம்மா."

"அப்ப அதையும் எழுதணும். யார் சொன்னாங்கங்கறதும் தகவல்தான்."

பலகையில் 'ஆட்டோ' என்று எழுதி, பக்கத்தில் 'அம்மா' என்றும் எழுதினீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன என் அம்மா ஒரு கல்லூரிப் பலகையில் இருந்தாள்.

உங்கள் ஆய்வுக்கு என்னைக் கூப்பிட்டதும் அந்த ஆட்டோவால்தான். செல்போன் வந்த பிறகு மீனவர்கள் எந்தக் கரையில் நல்ல விலை என்று கடலிலிருந்தே கேட்டு அங்கே வள்ளத்தைத் திருப்புகிறார்களா? அதுதான் உங்கள் கேள்வி. நாற்பது வள்ளக்காரர்கள், நாற்பது படிவம். அவர்களிடமே நேரில் கேட்டு எழுத வேண்டும்.

கரைக்குப் போனேன், மேடம். ஆண்கள் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கல்யாணமாகாத பெண் அட்டையும் பேனாவுமாக அங்கே போய் நிற்கமாட்டாள். ஒருவர் தலையைத் தூக்கி, "ஏட்டி, நீ சூசைக்க மக தானே? ஒனக்கு இங்க என்ன சோலி?" என்றார். திரும்பிவிட்டேன்.

பிறகு அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வீடு வீடாகப் போனேன். சுனாமி அலை வந்துபோன பிறகு எங்கள் பெண்களுக்குப் படிவம் புதிதல்ல. அட்டையோடு யார் வந்தாலும் உட்காரப் பாய் விரிப்பார்கள். பக்கத்து வீட்டு மேரியக்கா, இது எதற்கான படிவம், வீட்டுக்கா வலைக்கா என்று கேட்டாள். ஒன்றும் கிடைக்காது, படிப்புக்கு என்றேன்.

"அப்ப உண்மையே சொல்லலாம்" என்று சிரித்தாள்.

அவள் சொன்ன உண்மை இதுதான்: "அவிய எங்க விலை கேக்காவ? வள்ளத்துல இருந்து செல்லுல என்னையில்லா விளிக்காவ. நான் நாலு கரைக்கும் விளிச்சுக் கேட்டு, இன்ன எடத்துக்குப் போங்கன்னு சொல்லுவேன்."

அநேகமாக எல்லா வீட்டிலும் இதே பதில். நான் எழுதியது வேறு, ஆண்களிடமே கேட்டதுபோல. கணவரின் பெயர், கணவரின் செல் நம்பர். 'கடலிலிருந்து விலை விசாரிப்பது உண்டா?' 'உண்டு.' படிவத்தின் கடைசி வரியில் 'சொன்னவர் பெயர்' என்று நீங்கள் சேர்த்திருந்தீர்கள். அங்கேயும் கணவர். யாரிடமும் பெயர் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வெளியூர்க்காரி செய்திருக்க முடியாத பொய் அது. ஊரில் எல்லோர் பெயரும் தெரிந்தவளால்தான் முடியும்.

அந்தப் படிவங்களை நம்பித்தான் விலையை எஸ்.எம்.எஸ். ஆக அனுப்ப ஏற்பாடு செய்தீர்கள். தினமும் விடியற்காலையில் நாற்பது நம்பருக்கும் போனது. நாற்பதும் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுடையவை. அந்தச் செல்போன்கள் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வள்ளத்தின் மூலையில் கிடந்தவை. யாரும் திறந்து பார்க்கவில்லை. சில மாதங்கள் கழித்து நீங்களே கரைக்கு வந்தீர்கள். நான் உங்கள் பக்கத்தில் நின்றேன். பத்தடி தள்ளி மேரியக்கா செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கூடையில் மீனை அடுக்கியபடி யாரிடமோ விலை கேட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் வள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நான் எதையோ பாக்காம விடறேன், இல்லம்மா?"

நான் மண்ணைப் பார்த்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நீங்கள் கோபிக்கிறவர் அல்ல. ஆனால் எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். 'உங்க பிள்ளைகிட்ட ஒரு வேலையைக் கொடுத்தா நம்பலாம்' என்று நீங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தீர்கள். அம்மா அதை மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்து ஒரு மருத்துவமனையில் பதிவு கவுண்டரில் சேர்ந்தேன். உங்களிடம் படித்த ஒரு பெண் அங்கே பயிற்சிக்கு வந்தாள். மேடம் தன் தோல்வியையே சிரித்துக்கொண்டு பாடமாக நடத்துவார் என்றாள். தகவல் போய்ச் சேர்ந்தது, பயன்படவில்லை, ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்று முடிப்பீர்களாம். வருடா வருடம் ஒரு புதிய வகுப்பு அந்தக் காரணத்தைத் தேடியிருக்கிறது. காரணம் இங்கே கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் படுக்கையாகிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு உங்களைப் பார்க்க வந்தேன். சேலையில் எப்போதும் ஒட்டியிருக்கும் சாக்பீஸ் வாசம் போய் மருந்து வாசம் இருந்தது. வேலை எப்படி, அம்மா எப்படி என்று கேட்டுவிட்டு, "அந்தக் கரையில என்னதாம்மா நடந்தது?" என்றீர்கள்.

"தண்ணி வேணுமா மேடம்?" என்றேன்.

குடித்தீர்கள். டம்ளரைத் திருப்பித் தரும்போது என் கையை இரண்டு தடவை தட்டினீர்கள். தெரிந்துகொண்டு விட்டுவிட்டீர்களா, தெரியாமல் தண்ணீருக்கு நன்றி சொன்னீர்களா? அந்த மாதமே போய்விட்டீர்கள். கேட்க ஆள் இல்லை.

இங்கே மருத்துவமனையின் நோயாளிப் படிவத்தில் 'சொன்னவர் பெயர்' என்ற அந்தக் கடைசி வரி கிடையாது. நானே ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்கிறேன். மேலாளர் இரண்டு தடவை எதற்கு என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. நேற்று ஒருவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அவரால் பேச முடியவில்லை. எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன மாத்திரை கொடுத்தது, எல்லாம் மனைவிதான் சொன்னாள். கடைசியில் அவள் பெயரைக் கேட்டேன்.

"காய்ச்சலும் தீனமும் அவருக்கில்லா. எனக்க பேரு எதுக்கு மக்கா?"

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் யாரோ என் தோளுக்குப் பின்னால் குனிந்து படிவத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். சாக்பீஸ் வாசம் வரும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஒராளு கேப்பாவ அக்கா" என்றேன்.

அவள் பெயரைச் சொன்னாள். எழுதினேன்.