முழங்கும் சைலன்சர்

நவம்பர் 9, ஞாயிறு

புதுக் கார் வீட்டுக்கு வந்து பதினொரு நாள். எட்டு சிலிண்டர், அறுநூறு குதிரைத் திறன், மணல் நிறம். என் மனைவி அஃப்ராவின் தம்பி தாஹி தினமும் வந்து அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அதே குறையைச் சொல்கிறான்.

"யானையை வாங்கிட்டு அதுக்குப் பூனைக் குரலை வச்சிருக்கீங்களே மச்சான்."

கம்பெனி சைலன்சர் அப்படித்தான் இருக்கும். மாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குள் தகராறில்லை. எதை வைப்பது என்பதுதான் கேள்வி. ஆண்கள் கூடிப் பேசும் மஜ்லிஸில் பதினைந்து வருடமாக இந்த வழக்குக்கெல்லாம் நான்தான் நீதிபதி. தெருவில் போகிற வண்டியைத் திரும்பிப் பார்க்காமலே என்ன எஞ்சின், என்ன சைலன்சர், எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுவேன். "அபூ ஹஸ்ஸாவுக்கு இருக்கறது காது இல்லப்பா, மீட்டர்" என்பார்கள். மூத்தவன் ஹஸ்ஸா படிக்கப் போய் இரண்டு வருடமாகிறது. ஹஸ்ஸாவின் அப்பா என்று அவன் பெயரால்தான் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

மாலையில் கடற்கரைச் சாலையில் போகும்போது தாஹி சொன்னான்: "இண்டிகேட்டரை அணைங்க மச்சான். மூணு கிலோமீட்டரா வலது பக்கம் திரும்பிக்கிட்டே இருக்கோம்."

சிரித்துவிட்டேன். அது டிக் டிக் என்று அடிக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். என் காது போய்க்கொண்டிருக்கிறது.

முழுக்க இல்லை. அப்படிப் போனால் சொல்லிவிடலாமோ என்னவோ. தடித்த சத்தமெல்லாம் இருக்கிறது. கப்பல் எஞ்சின், ஆண்களின் பேச்சு, கதவு அடிப்பது. மெல்லியவை போய்விட்டன. ஸீன், ஷீன், ஃபா என்ற எழுத்துகளின் ஒலியெல்லாம் போயின. என் மனைவியின் பெயரில் நடுவே இருக்கும் எழுத்தே எனக்குக் கேட்பதில்லை. அஃப்ரா பேசினால் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறேன். சின்னவள் மஹ்ராவுக்கு ஏழு வயது. அவள் குரல் முழுக்கவே மெல்லியது. அவள் வாய் அசைகிறது, நான் தலையாட்டுகிறேன்.

பத்தொன்பது வருடமாக நான் துறைமுக பைலட். வெளியே நிற்கும் கப்பலில் ஏணி பிடித்து ஏறி, அதை உள்ளே கொண்டுவந்து கட்டுவது என் வேலை. இழுவைப் படகுகளோடு முழுக்க முழுக்க வயர்லெஸ்ஸில் பேச்சு. காது இல்லாத பைலட்டை எவன் ஏணியில் ஏற்றுவான்? போன வருட மருத்துவச் சோதனையில், சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்; கண்ணாடியில் தெரிந்த நர்ஸின் கையைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தித் தப்பித்தேன். அடுத்தது ஜனவரியில்.

யாரிடம் சொல்வது? சொன்னால் வேலை இல்லை. சொல்லாவிட்டால் — அதை எழுத வேண்டாம்.

நவம்பர் 15, சனி

மலையைத் தாண்டி ஷார்ஜாவுக்குப் போனோம், நிஸாரின் ஒர்க்‌ஷாப். நிஸார் சிரியாவின் அலெப்போக்காரர், இருபது வருடமாக இங்கே சைலன்சர்தான் தொழில். எங்களுக்காகவே மூன்று வைத்திருந்தார். மூன்றும் மாட்டிய மூன்று வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஸ்டார்ட் செய்தார்.

முதலாவது டைட்டானியம். வால்வு வைத்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அடங்கும், இன்னொரு முறை அழுத்தினால் கத்தும். இரண்டாவதும் வால்வு வைத்ததுதான், ஆனால் எவர்சில்வர், கனம் அதிகம். மூன்றாவது எவர்சில்வரில் நேர்க்குழாய். வால்வும் இல்லை, நடுவில் சத்தத்தை விழுங்கும் பெட்டியும் இல்லை.

"சொல்லுங்க மச்சான்," என்றான் தாஹி. "முதல் ரெண்டுல எது?"

இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டன. இன்னொரு தரம் போடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடுவது போல மூடி, இமையிடுக்கு வழியாகத் தாஹியின் முகத்தைப் பார்த்தேன். முதலாவதுக்கு அவன் உதடு லேசாக விரிந்தது.

"டைட்டானியம்தான் சுத்தம். மற்றதில் மேலே ஒரு பிசிறு இருக்கிறது," என்றேன்.

"பாத்தீங்களா நிஸார் பாய்! மீட்டர்!"

அப்புறம் மூன்றாவதில் உட்கார்ந்து ஒரு சுற்று போனேன். நிஸார் பக்கத்தில் இருந்தார். எஞ்சின் இரண்டாயிரம் சுற்றைத் தொட்டதும் வண்டிக்குள் ஒரு முழக்கம் எழுந்தது. இருக்கையில், முதுகில், பல்லில். எவ்வளவு நாளாயிற்று ஒரு சத்தம் முழுசாக என்னிடம் வந்து! நிஸார் ஏதோ கத்தினார். காதைக் காட்டி, கையை ஆட்டினார். எனக்குக் கேட்கவில்லை. அவர் இன்னும் பலமாகக் கத்தினார். இப்போது கேட்டது.

"இது வேணாம் அபூ ஹஸ்ஸா! இதை வச்சா உள்ளே பேசவே முடியாது! மனுசனைப் பைத்தியமாக்கிடும்!"

அப்போதுதான் தோன்றியது. இந்த வண்டிக்குள் எல்லோரும் கத்தித்தான் ஆக வேண்டும். யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

"இதையே மாட்டிடுங்க," என்றேன்.

நிஸார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுக்கு அனுமதி கிடைக்காது. போலீஸ் பிடிச்சா உங்க பாடு. குடும்பம் ஏறுற வண்டிக்கு இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

நவம்பர் 16, ஞாயிறு

தாஹி குழம்பிப் போயிருக்கிறான். டைட்டானியம்தான் சுத்தம் என்று சொல்லிவிட்டு ஏன் இதை? ஆண்மகனுக்கு ஏற்ற சத்தம் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

நவம்பர் 22, சனி

நினைத்தபடியே நடக்கிறது. வண்டிக்குள் அஃப்ரா கத்துகிறாள், நான் பதில் சொல்கிறேன், ஒரு தவறும் வரவில்லை. ஆறு மாதத்தில் அவளோடு நான் இவ்வளவு பேசியதே இல்லை.

இறங்கும்போது அவள் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு இந்தச் சத்தம் பிடிச்சிருக்கா, இல்ல எங்களைப் பிடிக்கலையா?"

நவம்பர் 23, ஞாயிறு

அவள் தன் பழைய சின்ன வண்டியில் கடைக்குப் போனாள்.

நவம்பர் 29, சனி

ஷார்ஜாவில் அஃப்ராவின் அக்கா வீட்டில் விருந்து. அஃப்ரா முன்னதாகவே தன் வண்டியில் போய்விட்டாள். மஹ்ராவைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு நான் புறப்பட்டேன். மலைக்குள் சுரங்கச் சாலை. இளவட்டங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியைக் கத்தவிடும் இடம். நானும் இறக்கினேன். சுவர் இரண்டு பக்கமும் அந்த முழக்கத்தைத் திருப்பி அடித்தது. ஒரு நொடி எனக்கு இருபத்தைந்து வயது.

வெளியே வெளிச்சத்துக்கு வந்ததும்தான் நாற்றம் அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். மஹ்ரா வாந்தி எடுத்திருந்தாள். புது உடை முழுக்க. அழுதுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்த விதத்தைப் பார்த்தால் வெகுநேரமாக அழுதிருக்கிறாள்.

ஓரமாக நிறுத்திக் கழுவிவிட்டேன். மண்டியிட்டு அவள் வாய்க்கு நேராக முகத்தை வைத்தேன்.

"நிறுத்துங்கன்னு சொன்னேன் பாபா. நிறைய தடவை சொன்னேன்."

"வண்டிச் சத்தத்தில கேக்கலம்மா."

மிச்ச வழி முழுக்க அறுபதிலேயே ஓட்டினேன். வண்டி ஓரளவு அடங்கித்தான் இருந்தது. அப்போது அவள் பேசினாளா, பேசவில்லையா? எனக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 3, புதன்



காலையில் ஒரு சரக்குக் கப்பல். நல்ல காற்று. பின்பக்க இழுவைப் படகில் மத்தார். பதினைந்து வருடப் பழக்கம். கயிறு கட்டியாச்சா என்று கேட்டேன். வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது. கட்டியாச்சு என்றுதான் எனக்கு விழுந்தது. இழு என்றேன்.

அவன் சொன்னது கட்டலை.

நல்லவேளை, மத்தார் இழுக்கவில்லை. ஆனால் நான் அவன் இழுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கப்பலைத் திருப்பிவிட்டேன். பாதி சுற்றிய கயிறு விறைத்து, உருவிக்கொண்டு, தளத்தில் சாட்டை மாதிரி வீசியது. கயிற்றைப் பிடித்திருந்தவன் குப்புற விழுந்ததால் பிழைத்தான். கயிறு அவனுக்கு ஒரு முழம் மேலே போயிற்று. மேலிருந்து நான் பார்த்தேன். சத்தமே இல்லாமல் நடந்தது எல்லாம்.

கரையேறியதும் மத்தார் வந்து என் சட்டையைப் பிடித்தான். "மூணு தடவை சொன்னேன்டா! கட்டல, கட்டல, கட்டலன்னு! எங்கடா வச்சிருந்த உன் காதை?"

"வயர்லெஸ் சரியில்லை," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டிசம்பர் 4, வியாழன்

அதைத்தான் அறிக்கையிலும் எழுதினேன். வயர்லெஸ் சரியில்லை.

டிசம்பர் 8, திங்கள்

வயர்லெஸ் பராமரிப்பவர் வர்கீஸ். கொல்லத்துக்காரர், சாந்தமான மனிதர். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தவறானால் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

மதியம் என் அறைக்கே வந்தார். அந்தக் கருவியைக் கையில் கொண்டுவந்திருந்தார். "நாலு நாளா சோதிக்கிறேன் கேப்டன். ஒரு கோளாறும் கிடைக்கல. எந்த மாதிரி கேட்டுச்சு, கரகரப்பா, விட்டு விட்டா? சொன்னீங்கன்னா சரி பண்ணிடுவேன். தப்பு என்னோடதா இருந்தா தெரிஞ்சுக்கணும்ல."

கரகரப்பு என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அவர் குறித்துக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ மனிதனா, கானிம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

வண்டியை எடுத்துக்கொண்டு சும்மா போனேன். சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்து, திருப்பி, மறுபடி நுழைந்து. முன்பெல்லாம் அந்த முழக்கம் ஆறுதலாக இருந்தது. இன்று மூடிய பெட்டிக்குள் யாரோ என்னை வைத்து வெளியிலிருந்து அடிப்பது போல் இருந்தது. இந்தப் பெட்டியைத் தேடிப் போய் வாங்கியவனே நான்தானே.

டிசம்பர் 11, வியாழன்

பள்ளியிலிருந்து மஹ்ரா வந்தாள். என்னைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனாள். அவளிடம் பேச நான் ஒரு மூட்டை விஷயம் வைத்திருந்தேன். பின்னால் போனேன்.

அஃப்ரா திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "இவ என்ன சொல்றா தெரியுமா? பாபாவுக்கு என்னைப் பிடிக்கலையாம். அதான் நான் பேசினா பதிலே சொல்றதில்லையாம். இனிமே பேச மாட்டாளாம்."

அடுப்பில் மீன் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காது, நர்ஸின் கை, சைலன்சர், கயிறு, வர்கீஸ். குரல் எவ்வளவு உயர்ந்தது, தாழ்ந்தது என்று எனக்கே தெரியவில்லை.



"காதா?" என்றாள் அஃப்ரா. "வெறும் காதா?"

"வெறும் காதுன்னா?"

"ஆறு மாசமா நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்றீங்க. திரும்பி நின்னா பதிலே இல்ல. வேற எவளையோ மனசில வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்! அக்காகிட்டகூட அழுதுட்டேன்! அல்ஹம்துலில்லாஹ், காதுதானா!" சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். பிறகு கரண்டியை என் மேல் எறிந்தாள். "அந்தக் கயித்துக்காரன் செத்திருந்தா? அந்த மலையாளி பிள்ளைகுட்டிக்காரர் இல்லையா? போங்க. இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம்தான் சோறு."

போனேன். துறைமுக அதிகாரி முன்னால் நின்றுகொண்டே சொன்னேன். அவர் எழுதச் சொன்னார். வயர்லெஸ் நன்றாக இருந்தது, என் காது நன்றாக இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பைலட் அட்டையை மேஜையில் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

வர்கீஸிடமும் போனேன். அவர் நான் எதிர்பார்த்தபடி "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. "என் மனைவி நாலு நாளா தூங்கல கேப்டன்," என்று மட்டும் சொன்னார். சரியான பேச்சு. வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வேலை இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 6, செவ்வாய்

காதுக் கருவி மாட்டினார்கள், இரண்டு பக்கமும். பட்டாணி அளவு. மருத்துவமனை வாசலில் ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கசக்கினார். துள்ளிக் குதித்துவிட்டேன். உலகம் இவ்வளவு இரைச்சலா?

விசாரணை முடிந்துவிட்டது. கடுமையான கண்டனம். கப்பல் ஏற முடியாது. கரையில் அட்டவணை போடும் அறையில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது. இன்று காலை ஒரு கப்பல் வளைவில் கொஞ்சம் அகலமாகத் திரும்பியது. என் கை மேஜைமேல் தானாக இடது பக்கம் நகர்ந்தது.

மத்தார் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 17, சனி

நிஸாரிடம் போனோம். இந்த முறை மஹ்ராவும். என் காதில் இருந்ததைப் பார்த்துவிட்டு நிஸார் நேரே வண்டிக்கு அடியில் குனிந்தார். தாஹிதான் தலையைச் சொறிந்தான். "அப்ப அன்னிக்கு டைட்டானியம்னு சொன்னது?"

"உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன்டா."

"அடப்பாவி! பதினஞ்சு வருசமா என் மூஞ்சியைத்தான் பாத்தீங்களா?"

"பதினாலு வருசம் காதுதான். சத்தியமா."

மறுபடி முதல் இரண்டையும் போடச் சொன்னேன். கருவி வழியாக எஞ்சின் தகரம் மாதிரி கேட்டது, உண்மையைச் சொன்னால் அழகாக இல்லை. ஆனால் வித்தியாசம் தெரிந்தது. எவர்சில்வர்தான் மேல். டைட்டானியம் கொஞ்சம் கிறீச்சிட்டது. தாஹி ஒத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் சண்டை போட்டோம்.

கடைசியில் எவர்சில்வர், வால்வு வைத்தது. நேர்க்குழாயைக் கழற்றிக் கீழே போட்டபோது நிஸார் அதை ஒரு உதை உதைத்தார்.

ஜனவரி 18, ஞாயிறு

மஹ்ராவோடு ஷார்ஜா போய் வந்தேன். வால்வை மூடியே வைத்திருந்தேன். அவள் வகுப்பில் ஒருத்தி பூனை வளர்க்கிறாளாம். அதற்கு நான்கு குட்டியாம். ஒன்றின் பெயர் பிஸ்கட்டாம். மற்ற மூன்றுக்கும் என்ன பெயர் வைக்கலாம் என்று சுரங்கம் தொடங்கி வீட்டு வாசல் வரை வாயை மூடவில்லை.

தலை வலிக்கிறது.