கதவை அளக்காமல் போட்ட ரயில் பாதை

மச்சான்,

சாறனைக் கழுவிக் காயப்போட்டு மறுபடி உடுத்தாயிற்று. இன்னும் மரத்தூள் மணம் போகவில்லை. உன் மேசையை வாளால் அரிந்தவன் நான்தான். உன்னை அடக்கிய கபுறடியில் நின்று சொல்லிவிடத்தான் போனேன். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்த எழுத்து.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கல்முனைப் பக்கம் ரயிலைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் கூசாமல் கையைத் தூக்குவேன். அரசாங்கத்தின் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே தேர்தல் மேடைகளில் மட்டும்தான் கோச்சி ஓடும். கட்டாரில் வயரிங் வேலை செய்துவிட்டு நீ திரும்பியபோது மகளுக்கென்று கொண்டுவந்த கரண்ட் விளையாட்டு ரயிலை, உன் வீட்டு முன்னறையில் மேசை அடித்து, மட்டக்களப்பில் தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை ஓட்டியவர்கள் நாம். கடல் நீலப் பொலித்தீன். வயல் சாயம் தோய்த்த தென்னந்தும்பு. உன் ஊர் மருதமுனைத் தறிகளின் பழைய நூற்கட்டைகள் தண்ணீர்த் தாங்கிகள். நான் வேலை செய்ததைவிடக் கதை சொன்னதுதான் அதிகம் என்பாய். என்ஜின் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்து கொழும்புக்குப் போன என் கதையை, வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டே கேட்டுச் சிரிப்பாய்.

"போன கிழம டிரைவருக்குப் பக்கத்துல இருந்தாய். இண்டைக்கு நீயே ஓட்டுறாய். நாளைக்குக் கோச்சி ஒனக்குப் பின்னால நடந்து வருமாக்கும்."

மேசையை அளந்தவன் நான். கண்ணாலேயே அளந்தேன். என் கண்ணளவுக்கு இந்தக் கரையோரத்து மேசன்மாரெல்லாம் பயம். சுவருக்குச் சுவர் அவ்வளவு கச்சிதம். எல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் நீ நிமிர்ந்து வாசலைப் பார்த்தாய்.

"மச்சான், அறைய அளந்தாய். கதவ அளந்தியா?"

அன்று நாம் சிரித்த சிரிப்பில், உன் பெண்சாதி, என் தங்கச்சி, என்னவோ ஏதோ என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "இந்த மேச வெளிய போறதெண்டா நான் போன பொறகுதான்" என்று அவளிடம் சொன்னாய். பகிடிக்குத்தான் சொன்னாய். பிறகு உன்னைச் சந்தூக்குப் பெட்டியில் கிடத்தித் தூக்கியபோது, மேசை மூலையில் இடிபடாமல் வளைத்துத் திருப்பித்தான் வாசலால் எடுத்தோம். நீ வெளியே போனாய். மேசை நின்றது.

ஹயாத்தோடு, உயிரோடு இருந்த காலத்தில் ஊரைக் கூட்டிக் காட்ட நீ சம்மதிக்கவே இல்லை. இன்னும் முடியவில்லை என்பாய். எப்படி முடியும்? வீட்டுக்கு வந்தவன் எல்லாம் தன் ஊருக்கு ஒரு ஸ்டேஷன், தன் தெருவுக்கு ஒரு ஸ்டேஷன் என்று கேட்டான். நீயும் ஓம் ஓம் என்று தலையாட்டி ஒட்டிக்கொண்டே போனாய். கடைசியில் ரயில் நிற்கத்தான் இடமிருந்தது, ஓட இடமில்லை. எனக்கு மட்டும் சாய்ந்தமருது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என் வீட்டையே வைத்தாய். என் வீடு ஒரு தட்டு. நீ வைத்தது மாடி வீடு. "நீ ஊரெல்லாம் சொல்லித் திரியிற ஊடு இதுதானே" என்றாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என் கையைப் பிடித்தாயே, "ஒருக்கா சனம் பாக்கட்டும் மச்சான், ஓடக்குள்ள பாக்கட்டும்" என்று. ஓம் என்றேன். எத்தனையோ கதை அளந்த வாய் இது. அந்த ஓம் மட்டும் கதையில்லை.

தங்கச்சி உனக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்ததும் மகளுக்குக் கலியாணம். முன்னறை இங்கே குடிவரும் மாப்பிள்ளைக்கு, மேசையை எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றார்கள். மேசை முழுதாக வரும் என்று நான் அதிபரிடம் சொல்லிவிட்டேன். முழுதாக எப்படி வரும்? தங்கச்சி இத்தாவில் இருக்கும்போது வெளி ஆம்பிளை யாரும் உள்ளே வர ஏலாது, தச்சனைக் கூப்பிடவும் வழியில்லை. நானே அரிய வேண்டும். தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னதும் வந்தது வினை. என்னை அண்ணனாக்கிக் காக்கா என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாம் பிடித்துக்கொண்டார்கள்.

"காக்கா, நிந்தவூர்ல மட்டும் வாள வெச்சிராதீங்க, சொல்லிட்டன்."

"அப்ப கல்முனையில வெட்டுறதா? கல்முனைய ரெண்டாக்கப் போறாராம், கேட்டீங்களா!"

"வெட்டுறெண்டா சாய்ந்தமருதுல வெட்டுங்க காக்கா, ஒங்கட ஊர்தானே!"

தங்கச்சி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் பலகையைப் பிடித்தார்கள். வாளை வைத்துக்கொண்டு நான் வடக்கேயும் தெற்கேயும் நடந்தேன். எங்கே வைத்தாலும் உன் கை ஒட்டிய ஏதோ ஒன்று இருந்தது.

"மாமா, கை வலிக்கி. எங்கயாவது வைங்க" என்றாள் மகள்.

என் வீட்டின் மேல் வைத்தேன். மாடி பெயர்ந்து கையோடு வந்தது. கீழ்த்தட்டின் நடுவால் அரிந்தேன். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அரிந்த துண்டுகளை வாசலால் வெளியே தள்ளியபோது ஒரு சின்ன இடிகூட இல்லை. அவ்வளவு லேசாகப் போனது.

பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு துண்டையும் பொருத்தித் தண்டவாளத்தை ஒட்டினேன். மட்டக்களப்பிலிருந்து ரயில் நெற்றி விளக்கோடு வந்தது. என் வீட்டடியில் விளக்கு அணைந்து நின்றுவிட்டது. தெற்குத் துண்டுக்குக் கரண்ட் இல்லை. மேசைக்குக் கீழே பார்த்தால் அறுந்து தொங்கியது எல்லாம் நீ மிச்சம் பிடித்த ஒரே மஞ்சள் வயர், எது எதோடு என்று தெரியாது. எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிவந்தேன். மல்லாந்து கிடந்து பார்த்துவிட்டு எழும்பினார்.

"காக்கா, இதப் போட்ட ஆளத்தான் கூப்பிடணும்."

அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன், மச்சான்.

வாசலைத் திறந்துவிட்டார்கள். சனம் வந்தது, பொத்துவிலிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தது என்று வை. ரயில் நின்ற இடத்தைப் பார்த்ததும் ஒருத்தன் கத்தினான்.

"பாத்தீங்களா! கோச்சியத் தன்ட ஊட்டு வாசலோட நிப்பாட்டிட்டாரு காக்கா!"

மண்டபமே சிரித்தது. ஊர்களையெல்லாம் விட்டுவிட்டு என் வீட்டை அரிந்தேன் என்று யாரிடம் சொல்ல? நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு விரலை வைத்துத் தள்ளினேன். அங்கிருந்து பொத்துவில் போய்த் திரும்பும்வரை என் விரல்தான் என்ஜின். சாயங்காலம்வரை தள்ளினேன். நகக்கண் கிழிந்தது. நிறுத்தினால் நீ கேட்டது நின்றுவிடும்.

மகள் போனைப் பிடித்து, வீட்டிலிருந்த உம்மாவுக்கு, என் தங்கச்சிக்குக் காட்டினாள். விரலை மறைத்துக்கொண்டு தள்ளினேன்.

"ஓடுதா காக்கா?"

"பறக்குது புள்ள!"

"லைட் எரியல்லயே?"

"பகல்ல லைட் போடுறயில்ல."

"அவரு பகல்லயும் போடுவாரு" என்றாள். போன் அணைந்தது.

நாளைக்கு மண்டபத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அறைக்கு நானே பெயின்ட் அடித்துவிட்டேன். இரண்டு துண்டையும் வைக்க என் வீட்டில் இடமில்லை என்பது உனக்குத் தெரியும். எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்று அதிபர் கேட்டார். என் வீட்டுக்கு மேல்மாடி கட்டப்போகிறேன், அதில் வைப்பேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன்.

இப்போதைக்கு மாடி என் சட்டைப்பையில் கிடக்கிறது, மச்சான்.