மைக்கில் சொல்லாத பெயர்

இன்று காலை நம் ரசிகர் குழுவில், வணக்கம் சொல்லும் பூப்படங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி வந்தது. உன் எண் குழுவை விட்டு வெளியேறிவிட்டதாம். நீ உலகத்தை விட்டே போய் ஐந்து மாதம் ஆகிறது. நெடுநாள் திறக்காத கணக்கைக் கம்பெனிக்காரர்களே அழித்துவிடுவார்களாம், எனக்கு அது தெரியாது. ஆத்தூர்க்காரர் ஒருவர், “அந்த ஜலகண்டாபுரம் அக்கா கோவிச்சுக்கிட்டாங்களா?” என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் நாலு.

சற்று நேரத்தில் தலைவர் போன் செய்தார். நாமக்கல்லில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிற, நம் ரசிகர் மன்றத்துக்குத் தலைவராக இருக்கிற அதே மனிதர். நம் ஆள் நடிக்கிற அடுத்த படத்துக்கும் இணையத்தில் புதையல் வேட்டை அறிவித்துவிட்டார்களாம். எப்படியாவது சமாதானப்படுத்தி உன்னைத் திரும்பக் கூட்டி வரச் சொன்னார். அப்போதுதான் சொன்னேன், நீ இல்லை என்று. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. மனுஷன் நிஜமாகவே கலங்கிப் போனார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நல்ல போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க, பெரிசா ஃபிளெக்ஸ் அடிச்சு வெச்சரலாம். அவங்க ஊட்ல ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்கல்லங்க?” என்றார்.

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்பது இது இரண்டாவது தடவை. போனை வைத்துவிட்டேன். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எடுத்த ஊசியைத் திரும்ப வைத்துவிட்டேன். லேபுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது, செவிடன் காதில் ஊதிய சங்குதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

உன்னை முதன்முதலில் பார்த்தது சேலத்தில், நம் ஆளின் படம் வெளியான முதல் நாள். பெண்களுக்கென்று விட்டிருந்த இரண்டு வரிசையில் என் பக்கத்து இருக்கை உனக்கு. மடியில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தாய். ஏதோ தின்பண்டம் என்று நினைத்தேன். அவர் திரையில் வந்த நிமிஷம் நீ எழுந்து நின்று பைக்குள் கைவிட்டு அள்ளி அள்ளி வீசினாய். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, வட்ட வட்டமான அட்டைத் துணுக்குகள். என் தலை, ஜாக்கெட், வாய் எல்லாம் அதுதான். “தறி அட்டைல ஓட்டை போடறப்ப உழுகற தூசு புள்ள. ரெண்டு மாசமாச் சேத்துனேன்” என்று சொல்லிவிட்டு, என் தலையைத் தட்டிவிடாமல் மறுபடியும் அள்ளினாய். வீட்டுக்கு வந்து தலை சீவினால் சீப்பில் வருகிறது. அன்றைக்கே நம்பர் வாங்கிக்கொண்டோம்.

சேலைக் கரையில் மயிலோ மாங்காயோ வர வேண்டுமென்றால் தறிக்கு மேலே தொங்குகிற அட்டையில் அதற்குத் தகுந்தாற்போல ஓட்டை இருக்க வேண்டும், அந்த ஓட்டையைப் போடுவதுதான் உன் வேலை என்று பிற்பாடு சொன்னாய். பதினாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாய். என்னைவிட இரண்டே மாதம் மூத்தவள், ஆனால் கண்ணாடி போட்டுவிட்டாய்.

அப்புறம் அந்த வேட்டை வந்தது. படக் கம்பெனிக்காரர்கள் வாரத்துக்கு ஒரு புகைப்படம் வெளியிடுவார்கள், மொத்தம் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கும். ஆறையும் கோத்தால் ஓர் இடம் தெரியும், அங்கே போய் ஒரு பெட்டியை எடுக்க வேண்டும். எந்த ஊர் ரசிகர்கள் முதலில் எடுக்கிறார்களோ அவர்களில் நாலு பேருக்குச் சென்னையில் மேடை, நம் ஆள் பக்கத்தில். மதுரைக்காரர்கள் ஒரு பக்கம், கோயமுத்தூர்க்காரர்கள் ஒரு பக்கம். நம் குழுவில் எருமப்பட்டியிலிருந்து வாழப்பாடி வரை நூறு பேருக்கு மேல், சோறு தண்ணி இல்லாமல் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்டுபிடித்ததைக் குழுவில் போடக் கூடாது என்பது தலைவரின் கட்டளை. வேற்றூர் ஆள் உள்ளே இருந்தால் காரியம் கெட்டுவிடும், அதனால் யாராக இருந்தாலும் அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். நீ அவருக்கு அனுப்பமாட்டாய். “முன்ன பின்ன பேசாத ஆம்பளைக்கு நான் எதுக்கு மெசேஜு போடறேன்? நீயே அனுப்பு” என்று எனக்கு அனுப்புவாய். நான் அவருக்குத் தள்ளிவிடுவேன். அதனால் நீ கண்டுபிடித்ததெல்லாம் என் எண்ணிலிருந்துதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ‘சூப்பருங்க, கலக்கறீங்க’ என்று எனக்குப் பதில் வரும். இது அவள் கண்டுபிடித்தது என்று முதல் இரண்டு தடவை எழுதினேன். மூன்றாவது தடவையிலிருந்து கட்டைவிரலை மட்டும் போட்டேன்.

ஐந்தாவது படத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். நம் ஆள் ஒரு கிடங்கில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் ஓட்டை ஓட்டையாக அட்டைகள் சரமாகத் தொங்குகின்றன. கம்ப்யூட்டர் படித்தவர்கள் அது கம்ப்யூட்டர் பாஷை என்றார்கள், ஒருவர் கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கும் எழுத்து என்றார். அது தறியில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டை என்று நீ குழுவில் எழுதினாய். உடனே ஒரு என்ஜினியர், “அக்கா, இது டெக்னிகல் மேட்டருங்க. நீங்க கம்முனு இருங்க” என்று போட்டான். நீ கம்மென்று இருந்தாய்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் போன் செய்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கோக்கும்போது மாறிவிடாமல் இருக்க அட்டை ஓரத்தில் பேனாவால் வரிசை எண் போடுவீர்களாம், படத்தில் இருந்த அட்டைகளிலும் அது இருந்ததாம். என்ஜினியர்கள் அந்த எண்களையும் குறிப்பென்று எண்ணிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். “வரிசையே மாத்திக் கோத்துருக்கானுக புள்ள. நாங்க இப்புடிக் கோத்தா எங்க ஓனரு செவுள்லயே உடுவாரு” என்றாய். எண்படி அடுக்கி, கட்டம் போட்ட தாளில் ஓட்டைக்கு ஒரு கறுப்புக் கட்டம் என்று நிரப்பி அனுப்பினாய். பிள்ளைகள் வரைவதுபோல ஒரு கலங்கரை விளக்கம் அதில் நின்றது. மற்றப் படங்கள் ஊரைச் சொன்னன, உன்னுடையது இடத்தைச் சொன்னது. ஆறாவது படம் வந்த அன்றைக்கே இரண்டு பேர் காரெடுத்துப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்று நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். “போட்டோவெல்லாம் வேண்டாம் புள்ள. எம் பேரு ஒருக்கா மைக்குல வரோணும், அவரு காதுல உழுகோணும். நான் அடிச்ச அட்டைல எத்தன ஆயிரம் சேல வந்திருக்கும், எவளுக்காச்சும் எம் பேரு தெரியுமா?” என்றாய். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாய், முடிக்கும்போது குரல் வேறாக இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று இன்றைக்குச் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் கூப்பிட்டார். நாலு இடத்தில் மூன்று ஆண்களுக்குப் போய்விட்டது, பெண்களுக்கு ஒன்றுதான் இருக்கிறது, நீயா நானா என்று இழுத்தார். “அந்தக்காவ அவங்க ஊட்ல உடுவாங்களாங்க?” என்று கேட்டார்.

“எங்கீங்க, உடமாட்டாங்க. தறிக்காரங்க ஊடு” என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. நீ என்னிடம் உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. விடாத வீடு என் வீடுதான். லேபில் பயிற்சி என்று பொய் சொல்லிவிட்டுத்தான் நானே ரயில் ஏறினேன். என் வீட்டுத் தாழ்ப்பாளைக் கொண்டுபோய் உன் வாசலில் போட்டேன். உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா, உனக்கு மறந்திருக்காது: ‘அவர்களே பேர் எழுதிவிட்டார்கள், நான் என்ன செய்வது?’

மேடையில் நம் ஆள் என் பக்கம் திரும்பி, அந்த அட்டைக் குறிப்பைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். தலைவர் முழங்கையால் என்னை இடித்தார், மைக் என் கைக்கு வந்துவிட்டது. உன் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? “எங்க டீமுங்க சார், எல்லாருஞ் சேந்துதான்” என்றேன். என் தன்னடக்கத்துக்குக் கை தட்டினார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெட்கக்கேடு, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்ததும், “சொன்னியா?” என்று கேட்டாய். சொன்னேன், டிவிக்காரன் வெட்டிவிட்டான் போல என்றேன். நாலு நாளில் முழு வீடியோவும் வெளியே வந்தது. அதை எனக்கு அனுப்பி, என் பேச்சு எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறதோ அந்த எண்ணை மட்டும் கீழே எழுதியிருந்தாய். ஒரு வசவு இல்லை. வைதிருந்தால் நானும் ஏதாவது நியாயம் பேசியிருப்பேன். அதன் பிறகு நீ எனக்கு எழுதவில்லை, குழுவிலும் வாய் திறக்கவில்லை. நானும் பொங்கலுக்கு ஒரு கரும்புப் படத்தை அனுப்பிவிட்டு, நீ அதைப் பார்த்துவிட்டாய் என்று தெரிந்ததும், சரி, கோபம் ஆறிவிடும் என்று இருந்தேன். கேடுகெட்ட கழுதை, நேரில் போய்க் காலில் விழ உனக்கென்ன என்று என்னை நானே கேட்டுக்கொள்ள எனக்கு இன்னும் சில மாதங்கள் பிடித்தன.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். சேலத்தில் இறங்கி, பஸ் மாறி, ஜலகண்டாபுரத்தில் விசாரித்துக்கொண்டு உன் தெருவுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், சத்தியமாக. பையில் அல்வாகூட இருந்தது. வாசலைத் தாண்டினால் சுவரில் உன் படம், மாலை. காய்ச்சல் என்று படுத்தவள் ஆறாம் நாள் போய்விட்டாய், அதற்கும் நாற்பது நாள் ஆகியிருந்தது. எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

உன் வீட்டுக்காரர் என்னை உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தார். நாமக்கல்லிலிருந்து வருகிறேன் என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நீ என்னைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தாயாம். சென்னைக்கென்று நீ சேலை எடுத்ததையும், உன்னைப் பைக்கில் கூட்டி வந்து சேலத்தில் ரயிலேற்றிவிடுவதற்காக அவர் முதலாளியிடம் லீவு சொல்லி வைத்திருந்ததையும் அவரே சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

“கடசில ஒரு சீட்டுதான்னாங்களாமுங்க. ‘நாமக்கல் புள்ள பாவம், அவளுக்கு ஊட்ல எங்கயும் உடமாட்டாங்க, இந்த ஒருக்கா அவளே போகட்டும்னு நாந்தான் உட்டுக் குடுத்துட்டே’ன்னு வந்து சொன்னா. அவ கொணம் அப்புடித்தானுங்க” என்றார்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா, இல்லை, ஏமாந்தேன் என்று சொந்த வீட்டில் சொல்லக் கூசியா? நீ இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். எல்லாவற்றையும் உடைத்துச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. எதிரே உன் படம், பக்கத்தில் உன் மனிதர், கேட்கக் காத்திருக்கிறார். உன் பெண் வேறு கதவோரம் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவதானுங்களே உங்களப் போகச் சொன்னா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.