பேட்டரிமேல் போட்ட பழி

என் அன்பு அண்ணா,

உன் வண்டி ஓடுகிறது. இதைச் சந்தோஷமாகச் சொல்ல வேண்டியவன் நான். முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் அண்ணி ஒரு புது பேட்டரி வாங்கி வந்தார். நம்மைவிட மூத்த அந்தக் கறுப்புக் கார் ஒன்றரை வருஷமாக ஷெட்டில் கிடந்தது. பிள்ளைகளுக்கு அப்பா ஞாபகமாக அதை ஓடவைக்க வேண்டுமாம். "இத அன்னிக்கே வாங்கிப் போட்டிருந்தா அவரு இருந்திருப்பாரு தம்பி," என்றார். இதை அவர் சொல்வது முதல் தடவையில்லை. தீபாவளி கழியட்டும், அப்புறம் பேட்டரி மாற்றலாம் என்று உன்னிடம் சொன்னது அவர்தானே. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தன்னைத்தானே அரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மழை நாள் காலை உனக்கு நினைவிருக்கிறதா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்திருந்தாய். சாவியைத் திருகினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். பேட்டரியில் உயிரே இல்லாதபோது எஞ்சின் எப்படிப் பிடிக்கும்? அனுமந்தையிலிருந்து வேன் பிடித்துப் பாண்டி போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார். முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருப்பாயா? அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. கடையில் சார்ஜ் ஏற்றினால் நாலு நாள் தாங்கும். டேஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. டைனமோவுக்கு கார்பன் மாற்றினோம், பெல்ட்டை இறுக்கினோம், டெர்மினலில் வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். கடைசியில் பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று நீயும் நானும் முடிவு கட்டினோம்.

அண்ணி வாங்கிய புதுசும் நாலே நாளில் படுத்துவிட்டது. அவரிடம் மூச்சு விடவில்லை. மறுபடி சார்ஜ் ஏற்றி மாட்டிவிட்டு, சும்மா ஒரு தடவை பார்க்கட்டும் என்று சொல்லி, கூனிமேட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் பாயை அழைத்து வந்தேன். அவர் ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் கட்டி வைத்திருந்தார். ஒன்றைப் பேட்டரியில் மாட்டி, மற்றதால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு வந்தார். எஞ்சினைத் தொட்டால் பல்பு எரிந்தது. கட்-அவுட் பெட்டியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைத் தொட்டபோது எரியவில்லை.

"டைனமோ நல்லாத்தான் இருக்குது. அதுலருந்து பேட்டரிக்கு கரண்ட வுடுறது இந்தப் பெட்டிதான். இதுக்கு எர்த் கெடைக்கலனா எந்த பேட்டரி போட்டாலும் வேஸ்ட்டுப்பா," என்று சொல்லிக்கொண்டே போல்ட்டைக் கழற்றினார். அடியில் தடிமனாகச் சிவப்புப் பெயிண்ட். "ஏம்பா, ஒயருக்கு அடியில போய் யாரு பெயிண்ட் அடிச்சது?"

நான்தான் அண்ணா. ஆயுத பூஜை வந்தால், உப்புக் காற்று தின்னாமல் இருக்க இரும்பு கண்ட இடமெல்லாம் ரெட் ஆக்ஸைடு அடிப்போமே. உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு அடித்த மிச்சம் டப்பாவில் இருந்தது. நீ போன அந்த வருஷம் உன் வண்டியில் இதே போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இரண்டு கோட் கொடுத்து, அதன்மேலேயே ஒயரை வைத்து முடுக்கினேன். வெறும் இரும்பை விட்டுவைத்தவனைச் சோம்பேறி என்பது நம் ஊர் வழக்கம். எர்த்துக்கு அந்த வெறும் இரும்புதான் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பாய் கத்தியால் சுரண்டி, இரும்பு பளபளத்ததும் ஒயரை மாட்டினார். வண்டியைக் கிளப்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. பத்து நிமிஷ வேலை.

அந்த நேரம் பார்த்து அண்ணி டீ எடுத்து வந்தார். "ஓடுதா தம்பி? புதுசு புதுசுதான். பாவி, நான்தான் அன்னிக்கு..." என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரை வாங்கிக்கொண்டேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழி என் கண்ணெதிரே அழுதது, நான் டீயைக் குடித்து முடித்தேன்.

பழியைச் சுனாமித் தண்ணீர்மேல் போடலாமா என்றுகூட யோசித்தேன். அது நம் ஷெட்வரை வரவில்லை. வந்திருந்தாலும் நீ போய் ஒன்றரை மாதம் கழித்து வந்த தண்ணீர் அது. இப்படியெல்லாம் வழி தேடுகிறவனாகிவிட்டேன். அண்ணி இன்றும் எனக்குச் சோறு எடுத்துவைத்துக் காத்திருக்கிறார். எப்படி அண்ணா சாப்பிடுவது?

மன்னிப்பு உன்னிடம் கேட்டு என்ன பயன், நீ சரிடா என்று சொல்லிவிடுவாய். உனக்குத் தபால் போட முடியாது, பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன்; அதற்கு முன் இந்தக் கடிதத்தை அண்ணிக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். ஒரு வரியும் விடமாட்டேன். இது சத்தியம்.

உன் தம்பி,
அண்ணி இனியும் அப்படிக் கூப்பிடுவாரா என்று தெரியாத
ஏழுமலை