பல்லவியின் அர்த்தம்

அன்புள்ள என்னங்க,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்து அறையில் பாப்பா இருக்கிறாள். நீங்களும் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவீர்கள். உங்கள் ஆபீஸ் வண்டி நாளைக்கு அங்கே கிளம்புகிறதாம், டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் வரைந்த புது பஸ் நிறுத்தத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது, கட்டி முடிக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றீர்கள். முதுகு சாய்த்து உட்காரலாம், சாரல் அடிக்காது, வருகிற பஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். சந்தோஷம். ஊரார் சொகுசாக உட்காரட்டும். நம் தெருமுனையில் இருப்பதும் நீங்கள் வரைந்ததுதானே. பக்கவாட்டில் விளம்பரப் பலகை வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டீர்கள், யாரும் கேட்கவில்லை. அந்தப் பலகையை இப்போது நான் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அறைக்குள்ளேயே கிடந்தாளே, அப்புறம் ஒரு நாள் அந்த வெளிநாட்டுப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்ன பாஷையோ, என்ன எழவோ, கால் தானாகத் தாளம் போடுகிற பாட்டு. வெங்காயம் நறுக்கிக்கொண்டே நானும் கூடப் பாடுவேன். நான் சொதப்பினால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே வேண்டுமென்று சொதப்புவேன். நீங்கள் மட்டும் லேசுப்பட்டவரா? அதையே போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டீர்கள்.

மேல்மாடி வீட்டுக்காரர் பல வருஷம் அந்த நாட்டில் சமையல்காரராக இருந்தவர். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர், நாங்கள் பாடுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மறுநாள் படியில் பார்த்து, "அர்த்தம் தெரிஞ்சா பாடுறீங்கக்கா?" என்றார். தெரியாது என்றேன். சொல்லத் தயங்கினார், நான் விடவில்லை. "நான் போன பிறகு யாரும் என்னைத் தேட வேண்டாம், எனக்கு இனிமேல் விடியவே வேண்டாம்." பல்லவியே அதுதானாம். அதைத்தான் நான் குஷியாகப் பாடியிருக்கிறேன்.

பாப்பாவுக்கு அர்த்தம் தெரியும். பாட்டுக் கேட்டே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர்கள் நாம்தானே. நம் பாஷையில் சொல்லியிருந்தால் பதறிப்போயிருப்போம். அது தெரிந்துதான் என் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பாடுவதை நிறுத்திவிடுவாள். மறுபடி கதவைச் சாத்திக்கொண்டால் நான் என்ன செய்வேன்? அதனால் இன்றைக்கும் கூடப் பாடினேன், அர்த்தம் தெரிந்தே. பெற்ற வயிறு பற்றி எரிகிறது, வாய் பாடுகிறது.

சாயங்காலமானால் தெருமுனை நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பஸ் வரும், போகும், ஏறமாட்டாள். பால்கனியிலிருந்து பார்த்தால் பலகை மறைக்கிறது. பலகைக்குக் கீழே அவள் கால் மட்டும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் துணி மடிப்பேன். நேற்று செருப்பு மட்டும் கிடந்தது, காலைக் காணோம். எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே தெரியாது. போய்ப் பார்த்தால், உங்கள் அகலமான பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "என்னம்மா, செருப்புகூடப் போடாம வந்திருக்க?" என்றாள். பஸ்ஸுக்கு வந்தேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் என்ன, வந்த பஸ்ஸில் ரெண்டு பேரும் ஏறினோம். கடைசி நிறுத்தம்வரை போய் அதிலேயே திரும்பினோம். வழியில் என் தோளில் தலையைச் சாய்த்தாள். "பாப்பா" என்றேன். "ம்" என்றாள்.

அங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இன்னும் கொஞ்ச நாள் வெயிலிலேயே நிற்கட்டும், அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். நீங்கள் கிளம்பி வாருங்கள். வந்து அவளை ஒன்றும் கேட்க வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம். ராத்திரியெல்லாம் அவள் அறை வாசலில் நான் ஒருத்திதான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் கண் அசந்துவிட்டால்? மாற்றி உட்கார ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா